இந்தக் கீரைக்கு அடுப்பு வேண்டும்



சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த வெள்ளக்கடையிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். வீட்டுக்குப் பின்புறம், காப்பிச் செடிகளுக்கும் பலா மரத்துக்கும் நடுவில் ஒரு கீரைச் செடி வைத்திருக்கிறாராம். சேலத்தில் ஒரு நர்சரியில் 'மல்டிவைட்டமின் கீரை' என்று சொல்லிக் கொடுத்தார்களாம். மழைக்காலம் முடிவதற்குள் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது என்று மகிழ்ச்சியாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "என் நாத்தனார் இந்த இலையைப் பச்சையாகவே மிக்சியில் அடித்து, வடிகட்டி, தினமும் ஒரு டம்ளர் குடிக்கிறார். உடம்பு இளைக்கும் என்கிறார். நானும் குடிக்கலாமா ஐயா?"

அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அல்ல இது. "நீங்கள் குடிக்க வேண்டாம். நாத்தனாரையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அவருக்கு இருமலோ, படியேறும்போது மூச்சு வாங்குவதோ இருந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். என்ன குடித்தார், எத்தனை நாள் குடித்தார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்" என்று அன்றே பதில் அனுப்பிவிட்டோம்.

ஆனால் அந்தச் செடி இப்போது வெள்ளக்கடையில் மட்டும் இல்லை. நகரத்து மொட்டை மாடிகளில், பள்ளிக்கூடத் தோட்டங்களில், தொட்டிகளில் எல்லாம் அது வளர்கிறது. அதைப் பச்சையாகக் குடிக்கச் சொல்லும் யோசனையும் கூடவே பரவுகிறது. அதனால் இம்மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் அந்தக் கீரைக்கே ஒதுக்குகிறேன்.

நம் பக்கம் அதற்குத் தவசிக்கீரை என்றும் சக்கரமுனிக் கீரை என்றும் பெயர். கேரளத்தில் மதுரச்சீரை என்பார்கள். வேலியோரம் வைப்பதால் வேலிச்சீரை என்றும் சொல்வதுண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் தொடங்கி, மலேசியா, இந்தோனேசியா, தென்சீனம் வரையில் ஈரமான காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் தானாக முளைத்து வளரும் புதர்ச்செடி இது. யாரும் விதைத்துக் காட்டுக்குள் போனதல்ல. காட்டிலிருந்து கொழுந்து பறித்துவந்தவர்கள் ஒரு குச்சியை ஒடித்து வேலியோரம் நட்டிருப்பார்கள். ஒரு சாண் நீளக் குச்சி போதும், மழை மாதத்தில் பிடித்துக்கொள்ளும். நிழலுக்கும் சாரலுக்கும் பழகிய செடி ஆதலால் காப்பித் தோட்டத்து மண்ணில் அது செழித்ததில் வியப்பில்லை.

செடியைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தண்டு மெலிந்து, பச்சையாக நிமிர்ந்து நிற்கும். பக்கக் கிளைகளில் இலைகள் இரண்டு வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருக்கும். இலை கரும்பச்சை. அதன் மேல்புறத்தில், நடுநரம்பை ஒட்டி, வெளிறிய சாம்பல் நிறத் திட்டுகள் பல செடிகளில் தெரியும். மேலிருந்து பார்த்தால் பூ கண்ணில் படாது. கிளையைத் தூக்கிப் பிடித்துக் கீழிருந்து பார்க்க வேண்டும். சட்டைப் பொத்தான் அளவுக்குத் தட்டையான சிறு பூக்கள் இலைக்கக்கங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். காய் வெள்ளையாக உருண்டு, மேலே சிவந்த புல்லிவட்டம் கழலாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழாநெல்லியை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான். இரண்டும் ஒரே குடும்பம். நெல்லி மரமும் அதே குடும்பம்.

வாயில் போட்டால் பச்சைப் பட்டாணியின் சுவை. கசப்பில்லை, கொழகொழப்பில்லை, நாற்றமில்லை. வெந்த பிறகும் நிறம் மாறாது. குழந்தைகள் முகம் சுளிக்காமல் சாப்பிடும் கீரைகளில் இது ஒன்று. புரதம், சுண்ணாம்பு, கரோட்டின், வைட்டமின் சி என்று இந்த இலையில் இருப்பவற்றின் பட்டியல் நீளமானது. நர்சரிக்காரர்கள் வைத்த பெயரில் மிகைப்படுத்தல் அதிகம் இல்லை. நல்ல கீரை என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் செடியை வெட்டி எறிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

இதை நெடுங்காலமாகச் சாப்பிட்டு வருபவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள்? கேரளத்து வீடுகளில் பொடியாக நறுக்கி, தேங்காய், சின்ன வெங்காயம், சீரகம், பச்சை மிளகாய் சேர்த்துத் துவரன் செய்கிறார்கள். பலாக்கொட்டை போடும் வீடுகளும் உண்டு. ஜாவாவில் கதுக் என்று பெயர். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் ஊறும் என்று இதைக் கொதிக்க வைத்துத் தெளிந்த குழம்பாகக் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். மலேசியாவில் செக்கூர் மானிஸ், சாயோர் மானிஸ். முட்டை உடைத்து ஊற்றி வதக்குகிறார்கள், தேங்காய்ப்பால் சேர்த்துக் குழம்பு வைக்கிறார்கள். போர்னியோத் தீவின் சபா மாநிலத்தில் நிழல்வலையின் கீழ் எருவும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்து இளந்தண்டாக வளர்த்து, அந்தத் தண்டுக்காகவே பயிரிடுகிறார்கள். இத்தனை ஊர்களிலும் பெயர் வேறு, மசாலா வேறு. அடுப்பில் ஏற்றுவது மட்டும் எல்லா ஊருக்கும் பொது.

அடுப்பை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை 1990-களின் நடுவில் தைவான் கண்டது.

தைவானில் அதுவரை இந்தக் கீரையை யாரும் பெரிதாகச் சாப்பிட்டதில்லை. மலேசியாவிலிருந்து அங்கே போனது. போகும்போது உடல் எடை குறைக்கும் இலை என்ற பேச்சோடு போனது. இளம்பெண்களும் நடுவயதுப் பெண்களும் இலையைப் பச்சையாக அரைத்து, கொய்யாச் சாற்றிலோ அன்னாசிச் சாற்றிலோ கலந்து, நாள் தவறாமல் வாரக்கணக்கில் குடித்தார்கள். முதலில் தூக்கம் கெட்டது, படபடப்பு வந்தது. பிறகு இருமல். பிறகு நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கியது. 1995-இல் மருத்துவமனைகளுக்கு ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினார்கள். மொத்தம் 200 பேருக்கும் மேல் பாதிக்கப்பட்டார்கள். 1996-இல் லான்செட் மருத்துவ இதழில் தைவான் மருத்துவர்கள் இதை எழுதினார்கள்.

நுரையீரலுக்குள் மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் மிக நுண்ணிய குழல்களாக முடிகிறது. அந்த நுண்குழல்களின் சுவர் புண்பட்டு, தழும்பேறி, தடித்து, வழி அடைபட்டுப்போகும் நோய் இது. ஆஸ்துமாவில் குழல் இறுகினாலும் மருந்தில் விரியும். இங்கே தழும்பு விழுந்த இடம் விழுந்ததுதான். ஸ்டீராய்டு கொடுத்தும் பெரும்பாலானவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. சாறு குடிப்பதை நிறுத்திய பிறகும் மூச்சு பழையபடி திரும்பவில்லை. சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை செய்ய வேண்டியிருந்தது. சிலர் இறந்தே போனார்கள். அவர்களில் பலர் அதற்கு முன் எந்த நோயும் இல்லாதவர்கள்.

ஜப்பானிலும் சில ஆண்டுகள் கழித்து இதே நோய் தலைகாட்டியது. அங்கே உலர்த்தி அரைத்த பொடியாக விற்றார்கள். 2003-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அந்தப் பொடியின் விற்பனைக்குத் தடை போட்டது. ஆகவே "நாங்கள் சாறு குடிக்கவில்லை, நிழலில் காயவைத்துப் பொடி செய்துதான் சாப்பிடுகிறோம்" என்பவர்களும் கவனிக்க வேண்டும். காய்வது வேறு, வேகுவது வேறு.

இலையில் உள்ள எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒரே முடிவு இல்லை. பாப்பாவெரின் என்ற ஆல்கலாய்டின் மீது சந்தேகம் எழுந்தது, வேறு பொருள்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் நாம் முடிவெடுக்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பக்கம், தலைமுறை தலைமுறையாகச் சமைத்து அளவாகச் சாப்பிட்ட மக்கள் நலமாக இருக்கிறார்கள். மறுபக்கம், பச்சையாகவும் பொடியாகவும் நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டவர்களின் மூச்சு போயிருக்கிறது. எந்த வழியில் போவது என்பதில் குழப்பம் ஏன்? செடியருகே நின்று ஓர் இலையைக் கிள்ளி ருசி பார்த்தவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டியதில்லை. பேச்சு தினசரிச் சாற்றைப் பற்றியது.

"வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடுமே" என்று உடனே கேட்பார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். சூட்டில் பெருமளவு குறைவது வைட்டமின் சி. அதற்கு நமக்கா பஞ்சம்? ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யாப்பழம், சாதத்தில் பிழிந்த எலுமிச்சை எதுவும் அந்தக் குறையைத் தீர்க்கும். புரதமும் சுண்ணாம்பும் இரும்பும் வேகவைத்தால் ஆவியாகிப் போவதில்லை. கீரை வெந்த தண்ணீரைக் கொட்டினால்தான் கொஞ்சம் போகும். கண்ணுக்கு வேண்டிய கரோட்டினோ, இலை வெந்து, கூடவே ஒரு கரண்டி எண்ணெயும் சேரும்போதுதான் உடம்பில் நன்றாக ஒட்டுகிறது. தேங்காய்த் துருவலும் தாளிப்பும் வெறும் ருசிக்காக வந்தவை அல்ல.

இந்த இடத்தில் சேலத்துக்காரர் ஒருவரை நினைக்காமல் மேலே போக முடியவில்லை. சி. கோபாலன் 1918-இல் சேலத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து, குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அது ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தபோது அதன் இயக்குநராக இருந்தார். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கே தலைவரானார். நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2019-இல் மறைந்தார். நம் நாட்டு உணவுப் பொருள்கள் ஒவ்வொன்றிலும் என்ன சத்து எவ்வளவு என்று அவரும் அவருடைய சகாக்களும் 1971-இல் வெளியிட்ட நூலை இன்றும் உணவியல் மாணவர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். வைட்டமின் ஏ குறைவால் பிள்ளைகள் பார்வை இழப்பதைத் தடுக்க அவர் வாழ்நாளெல்லாம் உழைத்தார். அவர் ஓயாமல் வற்புறுத்தியது ஒன்று: மருந்தும் மாத்திரையும் அவசரத்துக்கு இருக்கட்டும், நிரந்தரத் தீர்வு ஏழை வீட்டுக்கும் எட்டும் கீரையும் காயும் பழமும்தான். தட்டில் சோற்றோடு பிசைந்து சாப்பிடும் கீரையைத்தான் அவர் சொன்னார்.

சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதுமல்ல. மரவள்ளியை நினைத்துப் பாருங்கள். 1940-களில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில் இன்று சேலத்தின் அடையாளம். மரவள்ளி இலையிலும் கிழங்கிலும் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. காட்டில் கிடக்கும் பச்சைத் தழையை அளவில்லாமல் மேய்ந்த ஆடு மாடு வயிறு உப்பிச் செத்துவிழுவது அந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். அதனால் அங்கே யாரும் மரவள்ளியை வெறுத்துவிட்டார்களா? தோலைச் சீவி, துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, தண்ணீரை வடித்து, தாளித்துச் சாப்பிடுகிறார்கள். ஆலையில் அரைத்துக் கழுவி மாவாக்கி வறுக்கிறார்கள். கிழங்கோடு அதன் பக்குவமும் வந்தது, இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள்.

ஏற்காட்டுக் காப்பியின் கதையும் அதுவே. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பழத்தைப் பறித்து, தோல் நீக்கி, உலர்த்தி, வறுத்து, அரைக்கும் முறையும் கூடவே வந்தது. காப்பிக் கொட்டையைப் பச்சையாக அரைத்துக் குடிக்க யாரும் கிளம்பவில்லை. தவசிக்கீரை விஷயத்தில் மட்டும் செடி ஒரு வண்டியிலும் பக்குவம் இன்னொரு வண்டியிலும் ஏறிவிட்டன. இரண்டாவது வண்டி இன்னும் நம் ஊருக்கு வந்து சேரவில்லை. தைவானில் நடந்ததும் இதுதான். அங்கே போனது இலை மட்டும். மலேசியாக்காரர்களின் சட்டி போகவில்லை.

சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள். கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும், தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலும் அந்த மலைச் சாப்பாடு. அங்கே ஒரு பாட்டியிடம் கீரை பெயர் கேட்டுப் பாருங்கள். பெயரை மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார். பிரண்டைக் கொழுந்து என்றால் எண்ணெயில் வதக்கிப் புளி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும். தூதுவளை என்றால் முள் ஆய்ந்து நெய்யில் வதக்க வேண்டும். முடக்கத்தான் என்றால் அரைத்து மாவில் கலந்து தோசையாக வார்க்க வேண்டும். பேச்சில் பெயரும் பக்குவமும் ஒட்டிக்கொண்டே வரும். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963 முதல் ஆர்க்கிட் தோட்டம் வைத்து அரிய செடிகளைக் காத்துவருகிறது. செடியைத் தோட்டத்தில் காத்துவிடலாம். பக்குவத்தைக் காக்க அந்தப் பாட்டிமார்களின் அடுப்படியைத் தவிர வேறு இடமில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியதை நாம் காணொளியில் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

இன்னொரு எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன். தவசி முருங்கை என்று சித்த மருத்துவத்தில் சொல்வது வேறொரு மூலிகை. சக்கரவர்த்திக் கீரை என்பதும் வேறு. பெயரை மட்டும் கேட்டு வாங்கிவிடாமல் இலை வரிசையையும் கீழே தொங்கும் பூவையும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சரி, எப்படிச் சமைப்பது? நுனியிலிருந்து ஒரு சாண் தண்டைக் கையால் ஒடியுங்கள். பட்டென்று ஒடியும் பகுதி இளசு, அதைத் தண்டோடு சமைக்கலாம். நார் இழுத்துக்கொண்டு மடங்குவது முற்றல். அதில் இலையை மட்டும் உருவிக்கொண்டு தண்டைப் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, பொடியாக நறுக்குங்கள். பாசிப்பருப்பைப் பாதி வேகவிட்டு, அதில் கீரை, சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, சீரகம் சேர்த்து, இலை நன்றாக மசியும்வரை வேகவையுங்கள். அரைவேக்காட்டில் இறக்க வேண்டாம். கடைசியில் தேங்காய்த் துருவல், தாளிப்பு. களிக்கும் பொருந்தும், சோற்றுக்கும் பொருந்தும். ஏற்காட்டுப் பக்கத்தில் பலாக்கொட்டை கிடைக்கும் மாதங்களில் அதை வேகவைத்துச் சேர்த்தால் ருசி இன்னும் கூடும். அதற்காக இதையே தினமும் சமைக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் போதும். மற்ற நாள்களுக்கு முருங்கை, அகத்தி, சிறுகீரை, மணத்தக்காளி எல்லாம் இருக்கின்றனவே. குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ மருந்து என்று எண்ணி இந்த இலையின் பொடியையோ மாத்திரையையோ வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நர்சரி நடத்தும் வாசகர்கள் நமக்குப் பலர் உண்டு. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் செடியை விற்கும்போது பையில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: 'வேகவைத்து மட்டுமே சாப்பிடவும்.' ஒரு வரி போதும். செடி விற்பனை குறையாது.

மற்ற எல்லோரிடமும் கேட்பது இது. உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் வழக்கத்திலுள்ள காட்டுக்கீரை ஒன்றைப் பற்றி எழுதி அனுப்புங்கள். எந்த மாதம் பறிப்பது, எந்தப் பகுதியை ஆய்ந்து எறிவது, எதனோடு சேர்ப்பது, எவ்வளவு நேரம் வேகவைப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அஞ்சலட்டையில் நாலு வரி என்றாலும் வெளியிடுவோம். சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை வாசகர்களின் கடிதங்களை முதலில் எதிர்பார்க்கிறேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்தச் சாற்றை யாராவது குடித்துக்கொண்டிருந்தால், இந்தப் பக்கத்தை இன்றே அவர்களிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்